சின்சில்லா விரதம் இருந்த பௌர்ணமி

உங்களில் யாருக்கும் சின்சில்லாவுக்கு வைத்தியம் பார்க்கிற நிலை வரப்போவதில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படித்து முடித்துவிட்டு என்னைத் திட்டக் கூடாது. புதிதாகக் கால்நடை மருத்துவமனையில் சேர்ந்திருக்கும் உங்களிடம் மடி வீங்கிய மாடு வரும், கழிச்சல் கண்ட ஆடு வரும், பக்கத்து வீட்டு நாய் கவ்விய கோழியைத் தூக்கிக்கொண்டு இரண்டு வீட்டாரும் சண்டை போட்டபடி வருவார்கள். சண்டையைத் தவிர மற்றதற்கெல்லாம் புத்தகம் இருக்கிறது. நான் சொல்ல வந்தது அந்தச் சண்டைப் பக்கத்தைச் சேர்ந்த விஷயம். அதைச் சொல்ல எனக்கு அந்த அயல்நாட்டுப் பிராணிதான் தோதாக இருக்கிறது.

1989இல் திருவண்ணாமலையில் வேலைக்குச் சேர்ந்தேன். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு மாட்டின் பின்னால் தோள்வரை கையை விடும் பெண்ணை வேடிக்கை பார்க்கவே கூட்டம் கூடிய காலம். வந்த பிறகு முதல் மாட்டுப் பொங்கல். மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் வரிசையாக மாடுகள். எல்லாவற்றுக்கும் கொம்பில் வர்ணம், கழுத்தில் மாலை, நெற்றியில் குங்குமம், வயிறு மட்டும் உப்பி நின்றது. முந்தின நாள் வீட்டில் இருந்த ஒவ்வொருவரும் தன் பங்குக்குச் சர்க்கரைப் பொங்கலை அள்ளி ஊட்டியிருக்கிறார்கள். அப்போது எனக்கு மேலே இருந்த மருத்துவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: "இந்த ஊர்ல பட்டினியில சாவற மாடு கம்மிம்மா. பாசத்துல சாவறதுதான் ஜாஸ்தி. ஊசியை எடுக்கறதுக்கு முன்னாடி யாரு ஊட்டுனாங்கன்னு பாரு. அந்த ஆளுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம்." மனுஷனுக்கு எப்போதும் நக்கல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு பல வருடம் மாடும் ஆடுமாக ஓடிவிட்டது. புது நூற்றாண்டு பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். மாசி மாதத்துப் பௌர்ணமி. மத்தியானம் சாப்பாட்டுக் கூடையைத் திறக்கப் போகிற நேரத்தில் ஒருவர் வந்து நின்றார். பெயர் ஏழுமலை. வேங்கிக்காலில் ஏதோ ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பையில் பேனா இன்னும் ஓய்வு பெறவில்லை.

"டாக்டரம்மா, எங்க வீட்ல எலி ஒண்ணு படுத்துக்கினு இருக்குது. நீங்க வந்து பார்க்கணும்."

"எலி செத்தா நல்லதுதானேங்க" என்றேன்.

அவர் முகம் வெளுத்துவிட்டது. "அப்படிச் சொல்லாதீங்கம்மா. அது மருமக எலி."

அவருடைய ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து செங்கம் ரோட்டில் போகும்போது மீதிக் கதையைச் சொன்னார். மகன் சரவணன் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. அங்கேயே ஷாலினி என்ற பெண்ணை விரும்பிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். பெண் வேறு ஆட்கள். ஏழுமலையின் மனைவி பச்சையம்மாள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இப்போது மகனுக்கும் மருமகளுக்கும் ஜெர்மனியில் சில மாதம் வேலை. புதிதாக வாங்கிய சின்சில்லாவை யாரிடமும் விட முடியவில்லை. வேறு வழியில்லாமல் காரில் கொண்டு வந்து கூண்டோடு வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஷாலினி காரைவிட்டு இறங்கவே இல்லையாம். இறங்கச் சொல்லி வீட்டில் யாரும் கூப்பிடவும் இல்லையாம்.

"செத்துச்சுன்னா நாங்கதான் விஷம் வச்சோம்னு சொல்லுவா. அப்புறம் பையன் இந்த வாசப்படி மிதிக்க மாட்டான்" என்றார் ஏழுமலை. சிரிக்க நினைத்த எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீடு கிரிவலப் பாதையை ஒட்டியே இருந்தது. வாசலில் வரிசை நின்றது. தட்டில் தேங்காய், வாழைப்பழச் சீப்பு, கொழுக்கட்டைத் தூக்கு, லட்டு டப்பா. வீட்டில் யாராவது தவறிவிட்டார்களோ என்று ஒரு நிமிடம் பயந்தேன். ஆனால் துக்க வீட்டுக்கு யாரும் கொழுக்கட்டை கொண்டு வருவதில்லை. எல்லாரும் முன்னறை ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

உள்ளே போனேன். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில், அந்த அறையில் மட்டும் குளிர். சின்சில்லா உயர்ந்த மலைநாட்டுப் பிராணி, நம் ஊர்ச் சூடு அதைக் கொன்றுவிடும். அதற்காகச் சரவணன் ஆள் அனுப்பி ஏ.சி. பொருத்தியிருக்கிறான்.

"பெத்து வளர்த்து ஆளாக்கினோம். எங்களுக்கு வேர்க்குதுன்னு அவனுக்கு இந்நாள் வரைக்கும் தெரியல. எலிக்கு வேர்க்கும்னு தெரிஞ்சுது" என்றார் பச்சையம்மாள். அதுதான் அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

கூண்டில் அது உட்கார்ந்திருந்தது. பெயர் கோகோ. முயல் அளவுக்குக் காது, அணில் வால், பஞ்சு மாதிரி சாம்பல் நிற ரோமம். முதுகைக் கூனிக்கொண்டு கண்ணைப் பாதி மூடியிருந்தது. மூன்று நாளாக இளகிப் போயிற்றாம், முந்தின நாளிலிருந்து எதுவுமே போகவில்லை, வாயும் வைக்கவில்லை. வயிற்றைத் தொட்டேன். பொங்கல் மாடுகளின் வயிறு எனக்கு உடனே ஞாபகம் வந்தது.

"என்ன குடுத்தீங்க?"

பச்சையம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு குறையும் வைக்கலம்மா. காலையில பாதாம் ஊறவச்சு. அப்புறம் திராட்சை, முந்திரி. மத்தியானம் பருப்பு சோறு, நெய் ஊத்தி. சாயங்காலம் கொழுக்கட்டை. வயிறு சரியில்லன்னதும் மோர் சோறு கரைச்சு ஊத்தினேன். ஓமத் தண்ணி ஒரு ஸ்பூன்."

"அந்தப் பொண்ணு என்ன குடுக்கச் சொல்லிச்சு?"

"காஞ்ச புல்லு ஒரு மூட்டை வச்சிட்டுப் போனா. அது மட்டும் போதும், வேற ஒண்ணுமே வேணாம்னு பையன் சொன்னான்."

"அப்புறம்?"

பச்சையம்மாள் என்னை அனுதாபத்தோடு பார்த்தார். இவளுக்கு நல்லது கெட்டது சொல்லிக்கொடுக்க ஆள் இல்லைபோல என்கிற பார்வை அது. "வேணாம்னுதான் எல்லாரும் சொல்வாங்க. நீங்க ஒரு வீட்டுக்குப் போனா வேணாம்னு சொல்ல மாட்டீங்களா? வேணாம்னா வைக்காம விட்டுடுவமா? நாளைக்கு வந்து, என் புள்ளைக்கு மாமியார் புல்லைத் துன்னப் போட்டான்னு அவ ஊரெல்லாம் சொல்றதுக்கா?"

"அந்தப் புல் மூட்டை எங்க?"

"எதிர் வீட்டுப் பசுவுக்குப் போட்டுட்டேன். நல்லாத் துன்னுச்சு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்த அம்மாள் அந்தப் பிராணியை வெறுத்தார். வெறுப்பது வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று பயந்து, சம்பந்தி வீட்டு விருந்தாளிக்குச் செய்வதைப் போல வேளாவேளைக்கு விருந்து வைத்து அதைச் சாவின் வாசலில் நிறுத்தியிருந்தார். வெறுத்துப் பட்டினி போட்டிருந்தால்கூட யாராவது பரிதாபப்பட்டுப் புல்லைக் கொடுத்திருப்பார்கள்.

வாசல் வரிசைக்கும் காரணம் இருந்தது. சின்சில்லா தண்ணீரில் குளிக்காது, மெல்லிய தூளில் புரண்டுதான் உடம்பைச் சுத்தம் செய்யும். அதற்கு ஒரு சாம்பல் தூள் டப்பா வந்திருந்தது. அது தீர்ந்தது. பச்சையம்மாள் யோசித்திருக்கிறார். வீட்டில் இருப்பது கேஸ் அடுப்பு, சாம்பலுக்கு எங்கே போவது? பூஜை அறையிலிருந்து விபூதியை எடுத்துத் தாம்பாளத்தில் கொட்டி வைத்துவிட்டார். கோகோ அதில் இறங்கி உருண்டு புரண்டு, எழுந்து, முன்னங்கால் இரண்டையும் நெஞ்சருகே சேர்த்துக்கொண்டு உட்கார்ந்ததை ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுப் பெண்மணி பார்த்திருக்கிறார். பிள்ளையாரின் மூஷிகம் தானே திருநீறு பூசிக்கொண்டு கைகூப்புகிறது என்ற செய்தி அன்று மாலைக்குள் ஆட்டோ ஸ்டாண்டு வரை போய்விட்டது. அன்றிலிருந்து ஜன்னல் கம்பி வழியாக வாழைப்பழமும் லட்டும் உள்ளே வரத் தொடங்கின. சாமிக்கென்று கொண்டு வருவதை வேண்டாம் என்று சொல்வது பாவம் என்று பச்சையம்மாள் அதையும் ஊட்டியிருக்கிறார்.

இனிமேல்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

"ஊசி போடுங்க டாக்டரம்மா" என்றார் ஏழுமலை. "பெருசாவே போடுங்க."

நம் தொழிலில் ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை. பையில் மாட்டுக்குப் போடுகிற மருந்தெல்லாம் இருந்தது. ஆளைச் சமாதானப்படுத்த ஏதாவது ஒன்றைக் கொஞ்சமாகக் கொடுத்துவிடலாம் என்று கை போயிற்று. அந்தப் பிராணியை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை, படித்ததுமில்லை. பையை மூடிவிட்டு, வீட்டுப் போனிலிருந்து சென்னையில் எனக்குப் பாடம் எடுத்த பேராசிரியரைக் கூப்பிட்டேன். அவரும் பார்த்ததில்லை என்றார். ஆனால் ஒரு கேள்வி கேட்டார். "அது சொந்த ஊர்ல என்ன சாப்பிடும்?" அந்த வீட்டில் கேட்டதை வைத்து, மலையில் காய்ந்த புல் என்றேன். "அப்போ அதைக் குதிரைன்னு நினைச்சுக்கோ. கையளவு குதிரை. வாந்தி எடுக்க முடியாது, வயித்துக்குள்ள இருக்கற கிருமிதான் புல்லைச் செரிக்கவைக்கும். நீ பாட்டுக்கு ஆன்டிபயாடிக்கை வாய்வழியாக் குடுத்து அந்தக் கிருமியைக் கொன்னுடாதே. சாப்பிடாம மட்டும் விட்டுடாதே." பேராசிரியர்கள் எப்போதும் இப்படித்தான், தெரியாது என்று ஆரம்பித்துத் தெரிந்ததைச் சொல்வார்கள்.

குதிரை என்றதும் எனக்குத் தைரியம் வந்தது. தோலுக்கடியில் கொஞ்சம் சலைன், கைக்குழந்தைகளின் வாயுக்குக் கொடுக்கிற சொட்டு மருந்தில் துளி, வயிற்றை மெதுவாக நீவிவிடுவது. இதையெல்லாம் விவரிக்கப் போவதில்லை, உங்களுக்கே தெரியும். ஆனால் இந்தப் பிராணி நல்லா இருந்தபோது எப்படி இருந்தது, எவ்வளவு சாப்பிட்டது, எதைப் பார்த்தால் ஆசையாக ஓடி வரும் என்று எனக்குத் தெரிய வேண்டும். அது தெரிந்தது உலகத்திலேயே ஓர் ஆளுக்குத்தான்.

"அந்தப் பொண்ணுக்குப் போன் பண்ணணும்" என்றேன்.

புருஷனும் பெண்டாட்டியும் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமையாக இருந்தார்கள். "ஐயோ, வேணாம்!"

"நல்லாயிடுச்சுன்னா சொல்லிக்கலாம்மா" என்றார் ஏழுமலை.

"நல்லாகலன்னா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு வாய் கொஞ்சம் நீளும். "நீங்க இப்ப பேசலன்னா இது சாயங்காலத்துக்குள்ள போயிடும். அப்புறம் எப்படியும் பேசித்தான் ஆகணும். செத்த பிறகு பேசறது சுலபமா, உயிரோட இருக்கறப்ப பேசறது சுலபமா? ஒரே ஒரு தடவை யோசிச்சுச் சொல்லுங்க."

பச்சையம்மாள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

வீட்டுப் போனில் வெளிநாட்டுக்குப் பேச முடியாது. எதிர்ச்சாரியில் இருந்த டெலிபோன் பூத்துக்குத்தான் போக வேண்டும். வாசல் கதவைத் திறந்ததும் கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. மூஷிகரை வைத்துக் காப்பாற்றுகிற அம்மாள் என்று சிலர் காலில் விழவும் பார்த்தார்கள். கண்ணாடிக் கதவு போட்ட அந்தப் பெட்டிக்குள் அந்த அம்மாளும் நானும் நெருக்கியடித்து நின்றோம். வெளியே நூறு கண்கள். ஏழுமலை நம்பர் எழுதின காகிதத்தை வெளியிலிருந்து கண்ணாடியில் ஒட்டினாற்போலப் பிடித்துக்கொண்டிருந்தார்.

எடுத்தது ஷாலினி.

"அலோ. நான்தான் பேசறேன்."

"யாருங்க?"

"சரவணன் அம்மா."

அந்தப் பெண்ணின் குரல் எனக்கே கேட்டது. "கோகோ செத்துட்டானா?"

"சாவல" என்றார் பச்சையம்மாள். பொய் சொல்லத் தெரியாத மனுஷி. "இன்னும் சாவல."

அந்தப் பெண் அழ ஆரம்பித்தது. இந்தப் பக்கம் இவரும் அழ ஆரம்பித்தார். அழுதுகொண்டே பாதாம், திராட்சை, நெய்ச்சோறு, கொழுக்கட்டை, லட்டு என்று வரிசையாக ஒப்பித்தார். "உன் பொருளுக்கு ஒரு குறையும் வைக்கக் கூடாதுன்னுதாம்மா பண்ணேன். கெடுதல் நெனச்சுப் பண்ணல. டாக்டரம்மா இங்கதான் இருக்காங்க, வேணா கேட்டுக்க."

ரிசீவரைப் பிடுங்கினேன். திட்டு விழும் என்றுதான் எதிர்பார்த்தேன். ஷாலினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னது இது: "மேடம், வாங்கின முதல் வாரம் நானும் திராட்சை குடுத்துட்டேன். பாவமா பார்த்தான், குடுத்துட்டேன். இதே மாதிரி படுத்துட்டான். அவங்களைத் திட்டாதீங்க ப்ளீஸ்." பிறகு விவரமாகச் சொன்னது. காய்ந்த புல்லைக் கட்டாக வைத்தால் தொட மாட்டான், ஒவ்வொரு இழையாகக் கையில் பிடித்து மூக்குக்கு நேராக ஆட்ட வேண்டும். சத்தம் ஆகாது. புழுக்கை வந்துவிட்டால் பிழைத்தான் என்று அர்த்தம். நான் கேட்டதை அப்படியே பச்சையம்மாளிடம் சொன்னேன். அவர் பரீட்சைக்குப் படிப்பது போல உதட்டுக்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டார்.

திரும்பி வந்தால் வீட்டில் புதுத் தலைவலி. சத்தம் ஆகாதென்று நாங்கள் பேசிக்கொண்டதைக் கேட்ட ஏழுமலை எங்களுக்கு முன்னால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்திவிட்டார். அவ்வளவுதான், "நடை சாத்திட்டாங்க" என்று கூட்டம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது. ஒருவர் ஜன்னல் திட்டில் கற்பூரம் ஏற்றினார். இன்னொருவர் தேங்காய் உடைத்தார். எங்கிருந்தோ ஒரு மேளம் வந்தது. பௌர்ணமிக் கூட்டம் ஏறிக்கொண்டே இருந்தது, கிரிவலம் சுற்றுகிறவர்கள் என்ன வரிசை என்று கேட்காமலே வந்து நின்றார்கள். பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு என்னிடம் மரியாதையாகக் கேட்டார்: "மறுபடி எப்ப திறப்பாங்க மேடம்?"

உள்ளே கோகோ ஒவ்வொரு மேள அடிக்கும் உடம்பைச் சுருக்கிக்கொண்டது. துரத்தினால் சண்டை வரும். அது வெறும் பிராணி என்று சொன்னால் நம்ப மாட்டார்கள், நம்பினாலும் கோபப்படுவார்கள். பத்து நிமிடத்தில் ஏதாவது செய்தாக வேண்டும். இந்த மாதிரி நேரத்தில் நம் படிப்பை ஓரமாக வைத்துவிட்டு, எதிரே நிற்பவர்களுக்கு எது சட்டென்று புரியும் என்று யோசிக்க வேண்டும். அந்தச் சாலையில் பேசாமல் இருக்கிற சாமியார்கள், சாப்பிடாமல் இருக்கிறவர்கள், ஒற்றைக்காலில் நிற்கிறவர்கள் எல்லாரும் உண்டு. யாரும் ஏன் என்று கேட்பதில்லை, செருப்பைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் தாண்டிப் போவார்கள்.

வாசலுக்கு வந்து குரலை உயர்த்தினேன். "எல்லாரும் கேட்டுக்குங்க. இன்னையிலருந்து விரதம். பழம், பட்சணம், பால் எதுவும் ஏத்துக்க மாட்டாரு. சத்தம் ஆகாது. காஞ்ச அறுகம்புல் மட்டும்தான்."

மேளம் நின்றது. தலைகள் ஒரே சீராக ஆடின.

"மௌனமுங்களா?" என்றார் ஒருவர்.

"மௌனமும்தான்."

"எதுக்காக விரதம்ங்க?"

கொஞ்சம் யோசித்தேன். "ஒரு குடும்பம் ஒண்ணு சேரணும்னு."

முன்னால் நின்ற ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீங்களே நான் சொன்னதைத் திருப்பிப் படித்துப் பாருங்கள், அதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

அறுகம்புல்லை நான் சும்மா சொல்லவில்லை. அதுதான் காய்ந்தால் நல்ல உலர்தீவனம், குதிரைக்கே போடலாம். பிள்ளையாருக்கு உகந்ததும் அதுதான் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஊரில் உள்ள ஒவ்வொரு தெருமுனைப் பிள்ளையாருக்கும் தினம் அறுகம்புல் மாலை சாத்துகிறார்கள், மறுநாள் காய்ந்ததும் எடுத்து ஓரமாகப் போடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் பூக்கடைக்காரர்களும் பக்தர்களுமாகக் காய்ந்த மாலைகளைக் கொண்டுவந்து குவித்தார்கள். நான் வாசற்படியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன். அபிஷேகப் பால் பட்டது, எண்ணெய் பட்டது, பூஞ்சை பிடித்தது எல்லாம் ஒரு பக்கம். சுத்தமானது ஒரு பக்கம். ஒதுக்கின குவியலை மோந்துகொண்டு எதிர் வீட்டுப் பசு வந்து நின்றது. அதற்கு அந்த வாரம் யோகம்.

பச்சையம்மாள் கூண்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு புல் இழையை எடுத்து ஆட்டினார். கோகோ பார்க்கவில்லை. இன்னொரு இழை. நான் இடையிடையே வயிற்றை நீவிவிட்டேன். அந்த அம்மாளின் பேச்சு மெல்ல மெல்ல மாறிக்கொண்டே வந்தது. முதலில் "துன்னேன், சனியனே" என்றார். அப்புறம் "துன்னு சாமி" என்றார். அப்புறம், "துன்னு கண்ணு, உங்கம்மா அங்க அழுதுக்கினு இருக்கறா" என்றார். கண்ணீரைத் துடைக்காமல் புல்லை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பிராணி பிழைக்க வேண்டும் என்று நானும் மனதார வேண்டிக்கொண்டேன். அதுவரை எனக்கு அது ஒரு கேஸ்தான்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கோகோ மூக்கை அசைத்தது. ஒரு கையை நீட்டி அந்த இழையின் நுனியைப் பிடித்தது. கடித்தது. ஓர் இழை, இரண்டு இழை. நிலா மேலே வந்த பிறகு கூண்டில் ஒரு மூலையில் நகர்ந்து போய் உட்கார்ந்தது. பச்சையம்மாள் டார்ச் அடித்துப் பார்த்தார். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு புழுக்கை.

"போட்டுட்டான்!" என்று அவர் போட்ட கூச்சலில் ஜன்னல் அதிர்ந்தது.

என்ன நடந்தது என்று வெளியே யாருக்கும் தெரியாது. ஆனால் சாயங்காலத்திலிருந்து மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த கூட்டம் அது. ஒரு குரல் "அரோகரா" என்றது. உடனே தெருவே "அரோகரா" என்றது. பாதையில் நடந்துகொண்டிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள், அந்தச் சத்தம் கொஞ்ச தூரம் அப்படியே போயிற்று. உலகத்தில் எந்தப் பிராணியின் மலச்சிக்கல் நீங்கியதற்கும் இவ்வளவு பெரிய வாழ்த்து கிடைத்திருக்காது. கோகோ பயந்து இன்னும் இரண்டு போட்டது.

பிரசாதம் கேட்டு ஜன்னலில் கைகள் நீண்டன. இருந்த பழம், லட்டு, கொழுக்கட்டை எல்லாவற்றையும் நானும் ஏழுமலையும் அள்ளி அள்ளிக் கொடுத்து வீட்டைக் காலி செய்தோம். இனி யாரும் ஊட்டுவதற்கு வீட்டில் ஒரு திராட்சைகூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் கிளம்பினேன். என் சாப்பாட்டுக் கூடை ஆஸ்பத்திரியிலேயே ஊசிப் போயிருந்தது. மறுநாள் கூண்டைப் பின்னறைக்கு மாற்றச் சொன்னேன். ஏ.சி.யும் கூடவே போனது. மூஷிகர் மலைக்குப் போய்விட்டார் என்று யாரோ சொல்ல, கூட்டம் தானாகக் கலைந்தது.

அதன் பிறகு ஷாலினி வாரம் தவறாமல் கூப்பிட்டிருக்கிறாள். பேச்செல்லாம் புழுக்கையைப் பற்றித்தான். இன்றைக்கு எவ்வளவு, நேற்றைவிடப் பெரிதா, காய்ந்திருக்கிறதா. ஏழுமலை ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தபோது தலையில் அடித்துக்கொண்டார். "வெளிநாட்லருந்து போன் பண்ணி ரெண்டு பொம்பளைங்களும் பேசற பேச்சா இது? நான் சாப்பிடும்போதாவது நிறுத்தச் சொல்லுங்கம்மா." சொல்ல மாட்டேன் என்றேன். அவர்களுக்குள் பேசிக்கொள்ள வேறு எதுவும் இல்லை, அதையும் நிறுத்தினால் திரும்பவும் ஒன்றும் இருக்காது.

ஆடி மாதத்தில் மகனும் மருமகளும் திரும்பினார்கள். பிராணியைப் பெங்களூருக்கு எடுத்துப் போவதற்கு முன் ஒரு தடவை பார்த்துச் சொல்லும்படி என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனபோது கார் வாசலில் வந்து நின்றது. பச்சையம்மாள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சமையலறையிலிருந்து வாசனை தெருவரை வந்தது. அந்தப் பெண் இறங்கியது. ஒல்லியாக, பயந்த முகத்தோடு இருந்தது. இருவரும் ஒருவரையொருவர் அன்றுதான் நேராகப் பார்த்தார்கள். வா என்று இவரும் சொல்லவில்லை, வரட்டுமா என்று அதுவும் கேட்கவில்லை. சரவணன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தான். கேஸ் மோசமாகப் போவது எனக்கே தெரிந்தது, கையில் மருந்து இல்லை.

"அவன் எங்கே அத்தை?" என்றாள் ஷாலினி.

"பின்னாடி ரூம்ல."

செருப்பை உதறிவிட்டு உள்ளே ஓடினாள். எல்லாரும் பின்னால் ஓடினோம். கூண்டின் அருகே மண்டியிட்டு உட்கார்ந்தவள் முதலில் கோகோவைத் தொடவில்லை. கூண்டுக்கு அடியில் இருந்த தட்டை இழுத்தாள். ஒரு புழுக்கையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்திப் பார்த்தாள். பச்சையம்மாள் என் கையைப் பற்றிக்கொண்டார், நகம் பதிந்தது. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட ஒரு மனுஷி அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

"சூப்பரா இருக்கு அத்தை" என்றாள் ஷாலினி. "நான்கூட இவ்ளோ நல்லா பார்த்துக்கல."

பச்சையம்மாள் மூக்கைச் சிந்தினார். குரலை வேண்டுமென்றே கடுமையாக்கிக்கொண்டார். "சரி சரி. போய்க் கையைக் கழுவிட்டு வா. இலை போட்டாச்சு."

எனக்கும் இலை போட்டார்கள். ஷாலினிக்கு எதிரே உட்கார்ந்தேன். வடை, பாயசம், இரண்டு பொரியல், நெய் ஊற்றிய பருப்பு. அந்தப் பெண் பாதியிலேயே திணறிவிட்டது. "போதும் அத்தை, வேணாம் அத்தை, நிஜமாவே வேணாம்" என்று இலைமேல் இரண்டு கையையும் விரித்தது. பச்சையம்மாள் அந்த விரல்களின் சந்து வழியாகவே சோற்றை வைத்தார். ஷாலினி கண்ணில் நீர் நிற்க என்னைப் பார்த்தது, டாக்டரல்லவா, நீங்களாவது சொல்லக் கூடாதா என்று.

நான் கால்நடை மருத்துவர்தான், மனுஷங்களுக்குப் பத்தியம் சொல்ல எனக்கு அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டுக் குனிந்து என் பாயசத்தைக் குடித்தேன்.